நான் துப்பிய தேத்தண்ணி

என் ராணிக்கு, அண்ணன் உன் கடையின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவது.

பட்டிப்பொலவில் இன்றைக்கும் பனி. காலையில் கடைப் பலகையைத் தூக்கியபோது எதிரே இருக்கிற ஸ்டேசன் கூரைகூடத் தெரியவில்லை. முதல் ரயில் பிந்தி வருகிறதாம். மலை உச்சிச் சமவெளியைச் சுற்றிப் பார்க்கப் போகிற வேன்கள் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகின்றன. உன் அண்ணி சால்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே விட்டு ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். என் முழங்கால்கள் இரண்டும் காலையிலேயே வேலை நிறுத்தம் செய்துவிட்டன. களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு, ராணி. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் நின்றேன். அப்போதுகூட இப்படிச் சோர்ந்து போனதில்லை.

இந்தக் கடிதத்தை மேரி டீச்சர் பிழை பார்த்துப் பத்திரிகைக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தினமும் காலை ரயிலுக்கு முன்னால் உன்னிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாரே, அதே டீச்சர்தான். "குடும்ப விசயத்தப் பேப்பர்லயா போடுவாங்க?" என்று அண்ணி முகத்தைச் சுளித்தாள். நான் உனக்குச் செய்தது ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. மன்னிப்பை மட்டும் உன் படத்துக்கு முன்னால் முணுமுணுத்துவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே நாலு பேர் படிக்கட்டும்.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கும். நீ கடை திறந்த நாள்.

பதினோரு வருஷம் வெளிநாட்டில் யாரோ ஒரு வீட்டின் அடுப்படியில் கிடந்துவிட்டு வந்தாய். வந்து பார்த்தால் உன் புருஷன் வேறு குடும்பமாகிப் போயிருந்தான். நீ அழுததை நான் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் ஸ்டேசன் ரோட்டில் தகரம் அடித்து ஒரு கடை போட்டாய். பின்னால் ஓர் அறை, ஒரு மண் அடுப்பு. "தேத்தண்ணிக் கடைதான் அண்ணே. ஆனா வகை வகையா இருக்கும்" என்றாய். தேத்தண்ணியில் என்ன வகை என்று நான் அப்போதே சிரித்தேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தேத்தண்ணி ஒன்றுதான். பால் ஊற்றாமல் சாயத்தைக் கடுப்பாக இறக்கி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, நக்கிக்கொண்டே குடிப்பது. அதற்கு மேல் எல்லாம் பகட்டு என்று நினைத்தேன்.

நான் வெறும் லயத்துக்காரன் இல்லையே. தொழிற்சாலையில் தேயிலையின் தரம் பார்க்கிற டீமேக்கரின் ருசி மேசைக்குக் கோப்பை அடுக்கியவன். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் நாள் சரக்கை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, மணிக்கூட்டைப் பார்த்து வடிப்பேன். டீமேக்கர் ஒரு கரண்டி உறிஞ்சுவார், நாக்கில் உருட்டுவார், துப்புவார். நாளடைவில் அவருக்குப் பின்னால் நானும் உறிஞ்சித் துப்பப் பழகினேன். ஒருமுறை சூளையின் குழாயில் வெடிப்பு விட்டுப் புகை தேயிலையில் ஏறியதை அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். இல்லாவிட்டால் அந்தச் சரக்கு முழுவதும் கொழும்பிலிருந்து திரும்பி வந்திருக்கும். "ஒன் நாக்குத்தாண்டா இந்த ஃபெக்டரிக்குக் காவல்" என்று அவர் தோளில் தட்டினார். அந்தத் தட்டை நான் சாகும்வரை சுமப்பேன் போலிருக்கிறது.

அன்றைக்கு நீ புதுச் சேலை கட்டியிருந்தாய். முதல் கோப்பையை எனக்குத்தான் ஊற்றினாய். சிவப்பாக, தெளிவாக இருந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ மிதந்தது. எலுமிச்சங்காயை உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் கறுக்கக் கறுக்கக் காயவைத்தது என்றாய். அந்த நாட்டில் அப்படித்தான் குடிப்பார்களாம், அதை நம் தேயிலையோடு சேர்த்துப் பார்த்தாயாம். உன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கடைக்கு முன்னால் கழிவுநீர் ஓடுகிற கானில் துப்பினேன்.

"பொகை அடிக்குது. ஃபெக்டரியா இருந்தா இந்தச் சரக்கு திரும்பி வந்துரும்" என்றேன். அதோடு விட்டேனா? "தேயிலைக்குள்ள தேயிலையத் தவிர எது கெடந்தாலும் கலப்படந்தான்" என்றும் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் தங்கள் கோப்பைகளைக் குனிந்து பார்த்தார்கள்.

நீ மேசையைத் துடைத்தாய். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாய். பிறகுதான் சொன்னாய்: "அண்ணே, இது துப்புறதுக்கு ஊத்துனது இல்ல. முழுங்குறதுக்கு ஊத்துனது."

அவ்வளவுதான். நீ கோபப்பட்டிருக்கலாம். என்னைப் போகச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை நான் வந்தபோது ஒரு சாயத் தேத்தண்ணியும் சீனியும் எடுத்து வைத்தாய். அதற்கடுத்த முறையும் அதேதான். நாலு வருஷம் வந்து போனேன், நாலு வருஷமும் எனக்குச் சாயத் தண்ணியும் சீனியும்தான். உன் வகைகளில் ஒன்றைக்கூட "குடிச்சுப் பாருங்க" என்று நீ பிறகு சொல்லவேயில்லை. நானும் கேட்கவில்லை. தங்கச்சி அண்ணனின் ருசியறிந்து நடக்கிறாள் என்று பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன். எத்தனை பெரிய முட்டாள் பார்.

போன ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்று நீ பெஞ்சில் சாய்ந்தபோது நான் அக்கரப்பத்தனையில் இருந்தேன். தினமும் உன் கடையில் நிறுத்திக் குடிக்கிற வேன்காரர் சுனில்தான் ஏற்றி வந்த ஆட்களை ரோட்டில் இறக்கிவிட்டு உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்கு ஓட்டினார். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குப் போன் பண்ணினார். சிங்களத்திலேயே சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது உன் கை சில்லென்றிருந்தது. கடையில் உன் கேத்தல் கொதித்து வற்றி, அடி கருகிக் கிடந்தது.

கருமாதிக்குப் படையல் போட்டோம். உனக்குப் பிடித்தது எல்லாம் வைக்க வேண்டும் என்று அண்ணி பார்த்துப் பார்த்துச் செய்தாள். தேத்தண்ணி நான் ஊற்றினேன். நல்ல கடுப்பாக, பக்கத்தில் வெற்றிலையில் சீனி. சுனில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். படையலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அய்யே, ராணி நங்கி சாயத் தண்ணி குடிக்க மாட்டாங்களே" என்றார். உன்னைத் தங்கச்சியாக நங்கி என்றும் என்னை அண்ணனாக அய்யே என்றும் கூப்பிட்டுச் சொந்தம் கொண்டாடிய மனிதர். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

"அப்ப என்னதான் குடிப்பா?" என்று கேட்டேன்.

"அந்தக் கறுப்பு எலுமிச்சங்காய் போட்டதுதான். காலைல ஒண்ணு, கடை மூடுறப்ப ஒண்ணு. வேற ஒண்ணும் குடிக்க மாட்டாங்க."

நான் துப்பியது நீ விற்பதற்கு ஊற்றியது என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். உனக்குப் பிடித்ததைத்தான் முதல் கோப்பையாக எனக்குக் கொடுத்திருக்கிறாய். கூடப் பிறந்தவள் என்ன குடிப்பாள் என்று ஒரு வேன்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். அன்றைக்கு உன் படத்துக்கு முன்னால் நின்று ஒன்று தீர்மானித்தேன். வருஷத் திதிக்குள் அந்தத் தேத்தண்ணியை நானே போட வேண்டும். உனக்கு ஒன்று வைத்து, எனக்கு ஒன்று ஊற்றிக் குடிக்க வேண்டும்.

அக்கரப்பத்தனை அறையைப் பூட்டிவிட்டு நானும் அண்ணியும் உன் கடைக்கே குடிவந்தோம். இந்த வயதில் என்னத்துக்கு இந்தத் தொல்லை என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

வந்த முதல் வாரம் நான் செய்த காரியத்தைக் கேள். தேயிலை இருக்கிற இடத்தில் புகை ஆகாது என்று அலவாங்கை எடுத்து உன் மண் அடுப்பை இடித்துத் தள்ளினேன். கேஸ் அடுப்பு வைத்தேன். அடுப்புக்கு மேலே கரி பிடித்துத் தொங்கிய கம்பிக் கூடையை அறுத்து, உள்ளே கிடந்த கரிக்கட்டிகளோடு பின்னால் பள்ளத்தில் வீசினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உன் கடை ருசி அறை மாதிரி வெள்ளையாக ஆகிவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பிறகுதான் பாடம் தொடங்கியது. நீ எதையும் எழுதி வைக்கிற ஆளில்லை. வருகிறவர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. மேரி டீச்சர் நீ தனக்குக் கறுவாப்பட்டையும் ஏலக்காயும் தட்டிப் பாலில் போட்டதைச் சொன்னார். நான் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ராணி கறுவாவ மொதல்லயே கொதிக்க விட மாட்டா, எறக்கறப்பதான் போடுவா" என்றார். இஞ்சியும் இரண்டு மிளகும் போட்டது ஸ்டேசன் ஆட்களுக்கு. அது என் முழங்காலுக்கே ஒத்துக்கொள்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். புதினாப் போட்டதைக் குடித்தால் பல்பொடியால் வாய் கொப்பளித்த மாதிரி இருந்தது. ரம்பை இலை போட்டது சோற்று வாசம் அடித்தது, ஆனால் இரண்டாவது முறை குடித்தபோது அந்த வாசத்துக்காகவே குடித்தேன். தோடம்பழத் தோலைக் காயவைத்துப் போட்டது ஒன்று. வல்லாரை போட்டது ஒன்று, அதற்குத் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொள்ள வேண்டுமாம். இத்தனையும் இந்த ரோட்டோரத்தில் நீ ஒருத்தியாக இருந்து கண்டுபிடித்தாயா? அறுபது வயதுக்கு மேல் எனக்குத் தேத்தண்ணி புதிதாக அறிமுகமாகிறது, ராணி. நல்லதாக இருக்கும்போதெல்லாம் உன் கையால் வாங்கிக் குடிக்காமல் போனது உறைக்கிறது.

எல்லாம் ஓரளவு கைக்கு வந்தது. எலுமிச்சை மட்டும் வரவில்லை.

காயை வேகவைத்துத் தகரத்தில் பரப்பினேன். இந்த ஊரில் வெயில் எங்கே இருக்கிறது? பத்து நாளில் எல்லாக் காய்க்கும் பூஞ்சணம் பிடித்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை என் மூளை வேலை செய்தது. காய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி, பழைய தொழிற்சாலைக்கே போனேன். கொழுந்து வாட்டுகிற மாடியில் சுடுகாற்று ஓடுகிற மூலையில் வைத்துக் காயவைக்க என்னோடு வேலை செய்த பெருமாள் உதவினான். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்று சிரித்தான். காய்கள் கல் மாதிரி காய்ந்து வந்தன. ஒரு வேற்று வாசனை கிடையாது. விதையெல்லாம் நீக்கி, அளந்து போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து இறக்கினேன்.

சுனில் குடித்தார். மறுபடியும் குடித்தார். "அய்யே, நல்லா இருக்கு. ஆனா இது அது இல்ல" என்றார். காய் மாற்றினேன், உப்பைக் குறைத்தேன், தேயிலையை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அந்த நல்ல மனிதர் வேனை நிறுத்திக் குடித்துவிட்டு அதையேதான் சொன்னார். திதிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஒருநாள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடையை மூடிவிட்டு அக்கரப்பத்தனைக்கே போய்விடலாம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

அவள் மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள். "அவ காயை வெயில்லயா காய வச்சா? இந்த ஊர்ல வெயில் ஏது? அடுப்புக்கு மேல கூடையில கட்டித் தொங்க விடுவா. மிலாறு வெறகுதான் எரிப்பா. அந்தப் பொகையிலயே காஞ்சு கறுத்துரும்."

மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த கிளை. நம் லயத்து அடுப்பெல்லாம் அதில்தானே எரிந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவகூட அடுப்படியில ஒக்காந்து பாத்திருக்கேனே."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. ரோட்டுல போறவங்க வாறவங்க எல்லார்கிட்டயும் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?" என்றாள். பிறகு மாவைப் பார்த்துக்கொண்டே, "அவ கடைசியாக் காய வச்சது கூடையில ஏழெட்டு இருந்திச்சு. நீங்கதான் கரின்னு பள்ளத்துல கொட்டுனீங்க. நான் தண்ணி எடுத்துட்டு வாறதுக்குள்ள வேலைய முடிச்சிட்டீங்க" என்றாள்.

பள்ளத்தில் இறங்கித் தேடினேன், ராணி. முழங்காலை வைத்துக்கொண்டு புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கூடையின் கம்பி மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. மழை எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

புகை. நான் துப்பியது எதுவோ அதுதான் அந்தத் தேத்தண்ணி. அதை மட்டும் கவனமாக நீக்கிவிட்டு, இத்தனை மாதமாக எதைத் தேடிக்கொண்டிருந்தேன்? முப்பத்தொரு வருஷம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே தேத்தண்ணி ஊற்றியவன் நான். வேறு மாதிரி ஊற்ற எனக்குத் தெரியவில்லை. உன்னிடமும் அப்படியே இருந்துவிட்டேனோ? நீ வெளிநாடு போனபோது குறை சொன்னேன், திரும்பி வந்தபோது குறை சொன்னேன், கடை போட்டபோதும் சொன்னேன். ஒன்றையாவது முழுதாக ஏற்றுக்கொண்டேனா?

அண்ணியும் நானும் மண் குழைத்து உன் அடுப்பைத் திரும்பக் கட்டினோம். உன் கைக்கு அது இன்னும் அழகாக வந்திருக்கும். எங்களுடையது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அக்கரப்பத்தனையிலிருந்து மிலாறு கட்டு பஸ் கூரையில் வந்தது. கூடையில் இருபது காய் போட்டுத் தொங்கவிட்டோம். சுண்ணாம்புச் சுவர் ஒரே வாரத்தில் கறுத்தது. என் சட்டை, சால்வை, தலைமயிர் எல்லாம் புகை. அண்ணிக்கு இருமல். பாவம், இருமிக்கொண்டே மிலாறு ஒடித்துப் போட்டாள். நாள் போகப் போகக் காய்கள் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுப்பாகின. ஒவ்வொரு நாளும் ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தேன்.

நேற்று உன் திதி.

காயை உடைத்து விதையை எடுத்தேன். மணிக்கூட்டைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். அண்ணியோடு பேசிக்கொண்டே ஊற்றினேன், நீ அப்படித்தான் பேசிக்கொண்டே ஊற்றுவாய் என்று டீச்சர் சொல்லியிருந்தார். முதல் கோப்பையை உன் படத்துக்கு முன்னால் வைத்தோம். கற்பூரம் காட்டினோம். அண்ணி உன்னோடு ஏதோ கொஞ்ச நேரம் பேசினாள், நான் கேட்கவில்லை. சுனில் வந்திருந்தார். டீச்சர் வந்திருந்தார். ஸ்டேசன் ஆட்கள் வந்திருந்தார்கள். அன்றைக்குப் பெஞ்சில் இருந்த ஆறு பேரில் நாலு பேர் நேற்றும் இருந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் பார்க்க நான் குடித்தேன். முதல் வாயிலேயே என் நாக்கு, "பொகை" என்று கத்தியது. வாய் தானாகக் குவிந்தது. காலும் கான் பக்கம் ஓர் அடி நகர்ந்துவிட்டது, பழக்கம் அப்படி. சுனில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழுங்கினேன். சூடு நெஞ்சு வரைக்கும் இறங்கியது. இரண்டாம் வாயையும் முழுங்கினேன். கடைசியில் அடியில் கிடந்த கறுப்புத் தோலைக்கூட மென்றுவிட்டேன்.

சுனில் தன் கோப்பையைக் காலி செய்தார். இன்னொன்று ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இதுதான் அது என்று.

எனக்குப் பிடித்ததா என்று கேட்பாய். உன்னிடம் இனிமேலாவது பொய் சொல்லக்கூடாது. பிடிக்கவில்லை, ராணி. இன்னும் புகைதான் அடிக்கிறது. கசப்பும் புளிப்பும் உப்பும் ஒன்றாக வருகின்றன. இதைக் காலையிலும் மாலையிலும் எப்படித்தான் குடித்தாயோ. அந்த நாட்டில் தனியாக இருந்த காலத்தில் இதுதான் உனக்குத் துணையோ? அதைக் கேட்கிற அளவுக்கு நான் உன் பக்கத்தில் ஒருநாளும் உட்காரவில்லை.

ஆனாலும் இன்று காலையில், பலகையைத் தூக்குவதற்கு முன்னால், ஒன்று ஊற்றிக் குடித்தேன். அண்ணி கேட்டாள், "திதி நேத்தே முடிஞ்சிருச்சே, இன்னைக்கு யாருக்கு?" என்று. எனக்குத்தான் என்றேன்.

களைப்பு தீரவில்லை. கடை எத்தனை நாள் ஓடும் என்றும் தெரியவில்லை, முழங்கால்தான் முடிவு செய்யும். ஆனால் ஒன்று மட்டும் அன்றைய அந்த ஆறு பேரும் கேட்க, இதைப் படிக்கிற அத்தனை பேர் கேட்கச் சொல்கிறேன். நாளைக்கும் ஊற்றுவேன். அதற்கடுத்த நாளும் ஊற்றுவேன். எனக்குப் பிடித்துப்போகும் நாள் வரைக்கும் தினம் ஒரு கோப்பை, அடிவரை, முழுங்கியே குடிப்பேன்.

இப்படிக்கு,
உன் கையால் இன்னொரு கோப்பை கேட்காமல் போன,
உன் கூடப்பிறந்த அண்ணன்.